விலாசத்துக்குள் இருந்தவர்



குடும்ப வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக வீட்டிலேயே பெரிய ஆளாக இருந்தவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். முதலியார் பட்டம் வாங்கியவர், கோயில் கட்டியவர், தோட்டம் வாங்கியவர். அவர்களைப் பற்றிய காகிதம் தானே வந்து சேரும். நான் எடுத்துக்கொண்டவர் வேறு வகை. எங்கள் அப்பத்தாவுக்குத் தம்பி. கொழும்புச் செட்டியார் தெருவில், வட்டிக் கடைக் கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. 1925 வாக்கில் கடைப் பணத்தோடு எங்கோ ஓடிப்போனார் என்பது வீட்டுப் பேச்சு. படம்கூடக் கிடையாது.

அவரிடம் போவதற்கு முன், இதே கொழும்பில் பிறந்த இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். 1659இல் தஞ்சாவூரிலிருந்து ஒரு வைத்தியர் இங்கே வந்தார். ஒல்லாந்த ஆளுநர் வீட்டு நோயைத் தீர்க்க அழைத்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கு. வந்தவர் ஒல்லாந்தர் சமயத்தில் சேர்ந்து இங்கேயே தங்கிவிட்டார். ஒண்டாச்சி குடும்பம் அவரிலிருந்து தொடங்குகிறது. அந்த வழியில் 1758இல் பிறந்தவர் குவிண்ட் ஒண்டாச்சி. தந்தை வில்லெம் யூரியான் ஒல்லாந்தத் திருச்சபையின் போதகர். பையனைப் படிக்க ஒல்லாந்துக்கு அனுப்பினார்கள். படிக்கப் போனவர் ஊட்ரெக்ட் நகரத்தில் கலகத்துக்குத் தலைமை தாங்கினார்! நகரசபையைக் குடிமக்களே தெரிவு செய்ய வேண்டும் என்று ஆயுதம் தாங்கிய குடிப்படையோடு நின்று, 1786இல் அதைச் சாதித்தும் காட்டினார். மறு ஆண்டு பிரஷ்யப் படை வந்து எல்லாவற்றையும் கலைத்தது. பிரான்சுக்குத் தப்பி, 1795இல் மீண்டு, கடைசியில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) 1818இல் இறந்தார். பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று வருடம் முன்பே ஐரோப்பிய நகரம் ஒன்றை ஆட்டிவைத்த அவரை நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் யாருக்குத் தெரியும்?

தெரியாவிட்டாலும் தேடினால் கிடைப்பார். 1870இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் முழு நூலே வந்திருக்கிறது. ஒல்லாந்தர் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் ஏற்றினார்கள். ஆள் மறைந்தாலும் ஏடு நின்றது. நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி தன் குடும்பக் கதையை 1982இல் நூலாக எழுதியபோது, தேவாலயத்துப் பழைய பதிவேடுகளைப் புரட்டியதையும் அதில் சொல்கிறார்.

எங்கள் ஆளுக்கு அப்படி ஓர் ஏடு இல்லையா என்றால், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய எங்கள் நகரத்தாருக்கும் கோயில் ஏடு உண்டு. ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேராத குடும்பம் கிடையாது; கல்யாணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும்; ஆனதும் அந்த வீடு ஒரு புள்ளி. அப்பத்தா பிறந்த வீடு இளையாற்றங்குடிக் கோயில். அந்த ஏட்டில் அண்ணன் இருக்கிறார், தங்கை போன வீடு இருக்கிறது. தம்பி இல்லை. கல்யாணம் ஆகாதவர் புள்ளியில் ஏற மாட்டார். ஏட்டின் குறை என்று அதைச் சொல்ல மாட்டேன். அது எதை எண்ணப் பிறந்ததோ அதை எண்ணியது.

ஆகவே செட்டிநாட்டு ஊரை விட்டுவிட்டுக் கொழும்புத் தெருவுக்கு வந்தேன். கிட்டங்கி என்றால் இளையவர்களுக்குச் சரக்கு அறைதான் நினைவுக்கு வரும். செட்டியார் தெருக் கிட்டங்கி ஒரு நீளக் கூடம். ஆளுக்குக் கொஞ்சம் இடம், ஓர் இரும்புப் பெட்டி, சாய்ந்த மேசைப் பெட்டி ஒன்று. பல விலாசங்கள் ஒரே கூரைக்குக் கீழே வட்டிக் கடை நடத்தின. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குப் போய் வருவார்கள். இரவில் பாய் விரிப்பதும் அதே கூடத்தில்தான். இந்த உலகத்தில் தனி ஆளுக்குப் பெயர் ரொம்பத் தேவைப்படவில்லை. தாத்தா, அப்பா, மகன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசம்தான் கடன் கொடுத்தது, வழக்குப் போட்டது, கதிரேசன் கோயிலுக்கு மகமை எழுதியது. ஆடிவேல் விழாவுக்குப் பணம் தந்ததும் அதுவே.

அது பிடிபட்டதும் அவர் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு விலாசத்தைத் தேடினேன். அச்சில் வந்த பழைய தீர்ப்புத் தொகுதி ஒன்றில் விலாசம் அகப்பட்டது. புரோநோட்டு வழக்கு, ஆஜரானவர் மேலாள். நம் ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆனால் கதவிலக்கம் கிடைத்தது.

1925இல் தெருவுக்கு என்ன நேர்ந்தது என்று வணிகக் குடும்பத்தார் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில கடைகள் நொடித்தன. வெள்ளைக்கார வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனை இறுக்கின. 1934இல் இலங்கை வங்கித்துறை விசாரணைக் குழு இதையெல்லாம் ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி திறந்தது. எங்கள் விலாசமும் அந்த 1925 நெருக்கடியில் மூடியது. பணத்தோடு ஓடினார் என்ற பேச்சு அந்த நேரத்தில்தான் ஊருக்கு வந்திருக்க வேண்டும். முதல் போட்டவர்களுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பது என் ஊகம். கல்யாணம் ஆகாத அடுத்தாளைவிட அதற்கு வசதியானவர் யார்?

கடைசியில் மரணப் பதிவு கிடைத்தது. பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். தகப்பனார் பெயரும் தெருவும் வைத்துத்தான் பிடிக்க முடிந்தது. 1930களின் தொடக்கம். காரணம் காய்ச்சல், தொழில் கணக்கப்பிள்ளை. முகவரி அதே செட்டியார் தெரு, பழைய கதவிலக்கத்திலிருந்து சில வீடு தள்ளி, வேறொரு விலாசத்தின் கிட்டங்கி. ஒரு கடையில் கை வைத்தவர் என்றால் சேதி அன்று மாலையே பக்கத்துக் கிட்டங்கிக்குப் போயிருக்கும். அப்படிப்பட்டவரை இன்னொரு விலாசம் கணக்கில் உட்கார்த்துமா? அவர் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. தெருவை விட்டே நகரவில்லை. ஊரிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் கிட்டங்கிச் சமையற்காரர் பெயர். எந்த முறையில் தகவல் தருகிறார் என்பதற்கு எதிரே, மரணத்தின்போது உடனிருந்தவர் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் இருந்தால் அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

இப்போது ஒரு வேண்டுகோள். புறக்கோட்டைப் பழைய கட்டடங்களை இடிக்கும்போது பரணிலிருந்து பேரேடுகள் மூட்டையாக இறங்குகின்றன. தமிழ் இலக்கங்களில் பற்றும் வரவும் எழுதியது, பிள்ளையார் சுழியோடு தொடங்கும். பழைய பேப்பர்க்காரர் எடை போட்டு எடுத்துப் போகிறார். எடைக்குப் போடும் முன் சுவடிக்கூடத்துக்கோ, நூலகம் நிறுவனத்துக்கோ, எனக்கோ சொல்லியனுப்புங்கள். சம்பளப் பற்று எழுதிய பக்கங்களை முதலில் எடுத்து வையுங்கள்; அடுத்தாளும் சமையற்காரரும் பெட்டியடிப் பையனும் பெயரோடு வருவது அங்கேதான்.