பிறர் மானம் நம் கையில் ஓர் அமானிதம்

  

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் உணவகமொன்றில் உணவிலிருந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை எனக் கூறி, சிங்களம் சரிவரப் புரியாத ஊழியரைச் சூழ்ந்துகொண்டனர். அச்சத்தில் அவர் தடுமாறித் தலையசைத்ததைப் படம்பிடித்து முகநூலில் பரப்பினர். அன்றிரவே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் மாதம் திகனையில் வன்செயல் மூண்டபோதும் அப்பொய் பரவிக்கொண்டேயிருந்தது. அது மாத்திரையன்று, மாவே எனப் பின்னர் அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. 2020 மே மாதம் முகநூல் நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளை அவ்வருத்தம் மீட்டுத் தரவில்லை.

அன்று நாம் காயப்பட்டவர்கள். இன்று நமது வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பெண்பிள்ளையின் படமும் அதனோடு ஓர் அவதூறும் வந்தால் நாம் செய்வது என்ன? விசாரித்தோமா? அடுத்த குழுவுக்கு அனுப்பினோமா? சிரித்துவிட்டு மௌனமாக இருந்தோமா? அம்பாறையில் படம்பிடித்தவன் ஒருவனாக இருக்கலாம். அதைப் பரப்பியவர்கள் ஆயிரமாயிரம் பேர்.

சகோதரர்களே! அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் அவதூறு கூறப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாத காலம் அது வாய்க்கு வாய் பரவியது. அபூ அய்யூப் (ரலி) அவர்களின் வீட்டிலும் அப்பேச்சு எழுந்தது. அவர்கள் தம் மனைவியிடம், நீ இப்படிச் செய்வாயா என்று வினவினார்கள். ஒருபோதும் மாட்டேன் என்றார் அம்மாதரசி. அவ்வாறாயின் ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவரன்றோ என்றார்கள் அபூ அய்யூப். பிறரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்த அந்த ஒரு கேள்வியால் அவதூறு அவ்வீட்டு வாசலோடு நின்றது. பின்னர் அல்லாஹு தஆலா அன்னையாரின் தூய்மையை அந்நூர் அத்தியாயத்தில் அறிவித்தான்.

இலுப்பைக்கடவை முதல் தலைமன்னார் வரை கடலை நம்பி வாழும் மக்கள் நாம். வீசிய வலையை இழுத்தெடுக்கலாம். பரப்பிய படத்தை இழுத்தெடுக்க இயலாது.

பெற்றார்களே! உங்கள் மகள் நடுங்கியபடி வந்து, ஒருவன் படத்தைக் காட்டி மிரட்டுகிறான் என்று கூறினால், முதலில் அவளது கைத்தொலைபேசியைப் பறிக்காதீர்கள். நீ ஏன் படம் எடுத்தாய் என்றும் கேட்காதீர்கள். அவ்வாறு கேட்ட வீட்டில் அடுத்த முறை பிள்ளை வாய் திறக்கமாட்டாள். மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அந்த மௌனமே. அவளை அருகில் அமர்த்தி, நான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். மிரட்டியவனுக்குப் பணமோ வேறு படமோ கொடுக்க வேண்டாம். வந்த செய்திகளை அழிக்காமல் திகதியோடு சேமித்து வைத்து, அதன்பின் அவனது தொடர்பைத் துண்டியுங்கள். பாதிக்கப்பட்டவர் சிறுவராயின் 1929, பெண்ணாயின் 1938 ஆகிய இலக்கங்களை அழையுங்கள். பொலிஸ் நிலையத்திலுள்ள சிறுவர், மகளிர் பிரிவிலும் முறையிடலாம்.

இளைஞர்களே! உங்கள் குழுவில் ஒருவரை எல்லோரும் தாக்கும்போது, இது தகாது என்று ஒருவராவது எழுதுங்கள். பின்னர் தாக்கப்பட்டவருக்குத் தனியே ஓர் ஆறுதல் வார்த்தை அனுப்புங்கள். தாம் தனித்துவிடவில்லை என்பதை அவர் அறியட்டும்.

பிறர் மானத்தைக் காக்கும் நற்குணத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.