செல்லுமா சார்?

(கும்மிடிப்பூண்டியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ரூபாய் நோட்டு உருமாறும்போதெல்லாம் நாட்டில் ஒரு பேச்சு கிளம்புகிறது. 2016 நவம்பரில் ரோஸ் கலரில் ரெண்டாயிரம் வந்தது. படித்தவர்கள் என்ன கேட்டார்கள்? உள்ளே சிப் இருக்கா, சாயம் போகுதே, தேவநாகரி எண் எதுக்கு? கடைசிக் கேள்வி நியாயமானது. அரசியல் சட்டத்தின் 343ஆவது பிரிவைக் காட்டி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் வழக்கு போனது.

நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன். வெளியே நின்ற சனங்கள் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஒரிசா, பீகார் பையன்கள். செங்கல் சூளையிலிருந்து வந்த இருளர் பெண்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "இது செல்லுமா சார்?"

ஒரு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆறு ஐநூறு எடுத்து வைத்தார். எல்லாம் பழசு. நவம்பர் 8 ராத்திரியே செல்லாதுன்னு அறிவிச்சாச்சு. சூளை முதலாளி அதற்கப்புறம்தான் இதைக் கூலி என்று கொடுத்திருக்கிறார். அடையாள அட்டை கேட்டோம். இல்லை. "என் மூஞ்சிதான் இருக்குது, பார்த்துக்கோ" என்றார். திருப்பி அனுப்பினோம். மேலிடத்து உத்தரவு என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நோட்டைத் திருப்பி நீட்டியது என் கை. வாசலில் ஒருத்தன் ஐநூறுக்கு நானூறு தர்றேன் என்று நின்றிருந்தான். அவனிடம் யாரும் அட்டை கேட்கவில்லை.

அந்த ரெண்டாயிரத்தையும் திரும்பப் பெறுவதாக 2023 மே 19இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. சட்டப்படி செல்லும் என்றும் சேர்த்துச் சொன்னது. பெட்டிக்கடையில் சட்டம் யார் கேட்டார்கள்?

இப்போது யார் முகம் என்ற சண்டைக்கு வருகிறேன். 2022 அக்டோபரில் அரவிந்த் கெஜ்ரிவால் நோட்டில் லட்சுமி, பிள்ளையார் படம் வேண்டுமென்றார். அண்ணல் படம் போடு என்று பதில் வந்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் எங்க தாத்தா சொல்வார்: காசைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாராம், கடைக்காரர் தண்ணி தெளித்து எடுப்பாராம். அந்தக் காசில் வெள்ளைக்கார ராஜா தலை இருந்தது. ராஜா தலைக்கும் தண்ணிதான்.

2015இல் அண்ணலின் 125ஆம் ஆண்டுக்குப் பத்து ரூபாய் நாணயம் போட்டார்கள். பத்து ரூபாய் நாணயம் பதினாலு மாதிரியில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் நம்ம பக்கத்துக் கடைகளிலும் பஸ்ஸிலும் வாங்க மறுத்தார்கள். அண்ணல் தலை போட்டதும் அதில் சேர்த்தி.

அவரே 1923இல் 'ரூபாயின் பிரச்சினை' எழுதினார். ரூபாயின் மதிப்பு இறங்கும்போது ஏற்றுமதிக்காரனுக்குக் கிடைக்கும் லாபம் கூலிக்காரன் வயிற்றிலிருந்து போவது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். படம் கேட்கிற நாம் அந்தக் கணக்கைப் படித்தோமா? நானே வங்கி வேலைக்கு வந்தபிறகுதான் படித்தேன்.

சூளைகளுக்குப் போகிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். முன்பணம் எவ்வளவு, அது எந்த நோட்டில் எழுதியிருக்கு, பாஸ்புக் யார் கையில் இருக்கு என்று கேளுங்கள். மேஸ்திரி கையில் என்றால் என்னிடம் சொல்லுங்கள். கணக்குத் தொடங்க பாரம் நிரப்ப நானே வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான்.