பூட்டு நம்முடையது, திறவுகோல் எவருடையது?

(பந்தல்குடியில் ஆற்றிய பொழிவின் சுருக்கம்)



மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போர்த்து, அதனடியில் விரல் பற்றி விலை பேசுவதை நீவிர் கண்டிருப்பீர். கை கொடுத்தவர் இருவரும் அறிவர். சூழ நிற்போர் அறியார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். இதற்குக் குழூஉக்குறி எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கினுள் ஒன்றாய் வைத்தது நன்னூல். மறைத்துப் பேசுதலும் மொழிவழக்கே என 13-ஆம் நூற்றாண்டிலேயே வரைந்து வைத்தவர் நம் முன்னோர்!

அத்துண்டின் பணியை இன்று கணிப்பொறியில் செய்வது மறையாக்க மென்பொருள். செய்தியை எண்ணாக்கிப் பூட்டுவது அது. உரிய திறவெண் உடையவனே அதைத் திறப்பான். திறவெண்ணில் ஒரு துண்மி கூடினால், தேட வேண்டிய எண்கள் இருமடங்காகும். 40 துண்மிக்கு ஏறத்தாழ ஒரு நூறாயிரங் கோடி எண்கள். 128 துண்மிக்கோ, எண்ணி மாளாது.

இக்கலையை அமெரிக்க அரசு 1990-களின் முற்பாதியில் போர்க்கருவிப் பட்டியலில் வைத்திருந்தது. தன் நாட்டார்க்கு 128 துண்மிப் பூட்டு. ஏனை உலகுக்கு விற்ற இணைய உலவியில் 40 துண்மிப் பூட்டு! பில் சிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட மறையாக்க மென்பொருள் கடல் கடந்தது என்பதற்காக அவர்மேல் உசாவல் நடந்தது. 1996-இல் வழக்கின்றி முடிந்தது. இடையே, 1995-இல், அதே நிரல் நூலாக அச்சேறிற்று. கணிப்பொறி வட்டில் சென்றால் போர்க்கருவி. தாளில் சென்றால் நூல்! தானியேல் பெர்ன்சுடைன் என்பார் தொடுத்த வழக்கில், நிரலும் பேச்சே என 1996-இல் கலிபோர்னிய நயன்மன்றம் ஒன்று கூறிற்று. 2000-இல் அத்தடை பெரிதும் தளர்ந்தது.

அஃது அயலான் இட்ட தடை. தில்லி செய்தது என்ன? 40 துண்மித் திறவெண் ஒன்றை 1997 சனவரியில் ஒரு மாணவர் 250 கணிப்பொறிகளைக் கொண்டு மூன்றரை மணி நேரத்தில் கண்டறிந்து விட்டார். அதன் பின்னர், 1998-இல், இணைய இணைப்பு உரிமத்தில் தில்லி எழுதிய எல்லையும் அதே 40 துண்மி! மேற்பட வேண்டின் இசைவு பெற வேண்டும். திறவெண்ணையும் ஒப்படைக்க வேண்டும். 2001-இல் சேம வங்கியோ, இணையவழிப் பணப்பணிக்குக் குறைந்தது 128 துண்மி வேண்டும் என்றது. எதைக் கைக்கொள்வது? 2015 செப்தம்பரில் வந்த கொள்கை வரைவு, செய்தியின் வெளிப்படை வடிவை 90 நாள் வைத்திருக்கச் சொல்லிற்று. எதிர்ப்பு எழவே உடனே மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆயினும், மறைவிழ்த்துத் தருக என ஆணையிடும் 69-ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் நிற்கிறது. மறுப்போர்க்கு 7 ஆண்டு வரை சிறை.

தீயோரும் மறைப்பரே எனலாம், உண்மைதான். ஆனால் கள்வனுக்கு அஞ்சி ஊரார் பூட்டையெல்லாம் நலிவாக்கினால், மகிழ்பவன் கள்வனே!

இளந்தோழர்காள்! மழை பொய்த்தால் இவ்வூர்க் கரிசல் விளையாது. கணக்கறிவு மழை பார்ப்பதில்லை. அதைத் தாய்மொழியிற் கற்பீர். துண்மி, திறவெண், மறையாக்கம் எனத் தமிழிலேயே எழுதுவீர். நம் பூட்டை நாமே செய்வீர். பிறன் செய்த பூட்டை மாட்டி உறங்குவோன், மற்றொரு திறவுகோல் எவன் இடுப்பில் தொங்குகிறது என அறியான்.

வெல்க தமிழ்!