தேறலும் காடியும்



ஆனி, ஆடித் திங்கள்களில் பாலாற்றுப் பக்கத்துச் சிற்றூர்களில் நாவல் பழுக்கும். கொல்லையில் நிற்கும் ஒரே மரம், ஓர் இல்லத்தார் உண்டு தீராத அளவிற்குக் கனி உதிர்க்கும். உதிர்ந்த கனி இரண்டு நாளில் நொய்ந்து புளிக்கும். அந்தப் புளிப்பைப் பயனாக்குவது எவ்வாறு என்பதே இப்பொழிவின் பொருளாகும்.

கனியைச் சாடியிலிட்டுப் புளிக்கவைத்து இல்லத்திலேயே 'ஒயின்' ஆக்கலாம் என ஆங்கில நூல்கள் கூறுகின்றன. அவற்றைப் படித்த இளைஞருட் சிலர், இது மேலை நாட்டார் கண்ட கலை என்றும், தமிழருக்கு இதிற் செயலும் இல்லை, சொல்லும் இல்லை என்றும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது.

சொற்களை நிரல்பட வைத்துப் பாருங்கள். பிழிந்தெடுப்பது பிழி. அரித்தெடுப்பது அரியல். வண்டல் அடியிற் படிய, மேலே தெளிந்து நிற்பது தேறல், தேறுதலாவது தெளிதல். நெல்லரிசியால் அட்டது தோப்பி. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டும் இருப்பின், அதைக் கடனாகப் பெற்றிருக்கவும் கூடும். ஒரு செய்தொழிலின் படிதோறும் வினையடியாகப் பிறந்த தனிச்சொல் இருக்குமாயின், அத்தொழிலை அம்மக்கள் தம் கையாலேயே செய்தனர் என்பது வெளிப்படை. பிழி, அரியல், தேறல் என்னும் மூன்று சொற்களையும் வரிசையாகச் சொன்னாலே செய்முறை முழுதும் சொல்லியதாகும். 'ஒயின்' என்னும் சொல்லோ இம்மூன்றனுள் ஒன்றையும் உணர்த்துவதில்லை.

நூற்சான்றும் உண்டு, அதுவும் இத்தொண்டை நாட்டுச் சான்றே. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் நறும்பிழி அடும் முறை படிப்படியாக விளக்கப் பெற்றுள்ளது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற கலத்தில் ஆற்றி, முளைநெல்லின் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, பச்சை வாடை நீங்கியபின் விரலால் அலைத்துப் பிழிவர் என்பது அதன் கருத்து. முளைநெல் எதற்கு? அரிசியிலுள்ள மாவு நேரே புளித்துத் தேறலாகாது. முதலில் அஃது இனிப்பாக மாறவேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதி, விதை முளைக்கும்போது பிறக்கிறது. இன்றைய அறிவியல் கூறும் இவ்வுண்மையின் பயனை அன்றைய வலைஞர் மகளிர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

மேலை நாட்டுத் தேறலும் தமிழகத்திற்கு வந்தது. யவனர் கலங்களிற் கொணர்ந்த தேறலை, நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வில் அத்தகைய இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பொருள் கடல் கடந்து வந்தது. எனினும் தமிழர் அதற்குத் தம் சொல்லையே இட்டு வழங்கினர். அவர் வழிவந்தோர் தம் கொல்லைக் கனியிலிருந்து வடித்ததற்கு அயற்சொல்லைத் தேடித் திரிவது எத்துணை இரங்கத்தக்கது!

இனிச் செய்முறையைக் காண்போர் அதன் உட்பொருளையும் காணவேண்டும். கனியின் தோல்மேல் நொதியம் என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே படிந்திருக்கும். ஆங்கிலத்தார் அதனை ஈசுட்டு என்பர். கனியைப் பிசைந்ததும் அது சாற்றினுள் இறங்கி இனிப்பை உண்டு, வெறியத்தையும் கரிவளியையும் வெளியிடுகிறது. 100 கிராம் இனிப்பு முற்றும் மாறினால், கணக்குப்படி ஏறத்தாழ 51 கிராம் வெறியமும் 49 கிராம் கரிவளியும் உண்டாகும். சாடியில் நுரை பொங்குவதற்குக் கரிவளியே கரணியம். இதனை நுண்ணுயிரின் வினையென்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவியவர் பிரஞ்சு நாட்டு அறிஞர் இலூயி பாசுடர். நுரை அடங்கியபின் சாற்றைப் பிழிந்து, அரித்து, காற்றுப் புகாமற் காத்துத் தெளியவிட்டால் அது தேறல். சோலையார்பேட்டை, அரக்கோணம் போன்ற தொடர்வண்டிச் சந்திப்பூர்களில் வாழ்ந்த ஆங்கில-இந்தியக் குடும்பத்தார் கிறித்து பிறந்தநாள் விழாவிற்கெனக் கொடிமுந்திரியில் ஆக்கிய தேறலும் இவ்வகையினதே.

அதே சாற்றைக் காற்றுப் படும்படி வைத்தால் வேறொரு நுண்ணுயிர் வந்து சேரும். அது காற்றிலுள்ள உயிர்வளியைக் கொண்டு வெறியத்தைப் புளிப்பாக்கும். சாற்றின்மேற் பாலேடு போன்ற ஏடு படரும். அப்பொழுது அது புளிங்காடி. ஆங்கிலத்தார் வினிகர் என்பதும், ஆம்பூர், வாணியம்பாடி உருது வழக்கில் சிர்க்கா என்பதும் இதுவே. கனி ஒன்று, சாடி ஒன்று. காற்றை மறித்தால் தேறல், காற்றை விட்டால் காடி.

இவ்விரண்டையும் பிரிப்பது பதம். பதம் இன்னதென்பதை இத்தோல் நிலத்துத் தொழிலாளர்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்தம் தொழிலின் பெயரே பதனிடுதல். ஆவிரைப் பட்டையும் கடுக்காயும் ஊறிய துவர்நீர்க் குழியில் தோலை எத்தனை நாள் கிடத்துவது, எப்பொழுது எடுப்பது என்பதைக் கையாலும் மூக்காலும் அறிந்த மரபினர் அவர். நாவற்கனியில் நாவை இழுக்கும் துவர்ப்பும், ஆவிரைப் பட்டையில் தோலை இறுக்கும் துவர்ப்பும் ஒரே இனத்துப் பொருள்களால் விளைவனவே.

ஆயின், இல்லந்தோறும் தேறல் அடலாமா? இவ்வினாவை நழுவவிடுதல் நேர்மையன்று.

சட்டம் கூடாது என்கிறது. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலத்தில் தொடங்கிய குடிவிலக்கு, 1939இல் வடார்க்காட்டிற்கு வந்து, 1948இல் மாகாணம் முழுதும் பரவிற்று. 1971இல் அது தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் கள்ளிற்கும் சாராயத்திற்கும் மீண்டும் வழி திறந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம் அமைந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கைக்குள் வந்தது. தன் கொல்லைக் கனியை உரிமமின்றித் தேறலாக்குவோன் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றும் குற்றவாளி. ஆலையில் வடித்த கடுங்குடியை விற்பதோ அரசின் கழகம். இம்முரணைச் சுட்டாமல் குடிவிலக்கைப் பற்றிப் பேசுதல் வீண்.

கேரள அரசு, அங்கு விளையும் கனிகளிலிருந்து வெறியம் குறைந்த தேறலை உரிமத்துடன் ஆக்குவதற்கு 2022இல் விதி வகுத்தது. அதைக் காட்டித் தமிழகத்திற்கும் அவ்வழி வேண்டும் என்பார் உளர். உழவர்க்கு ஈட்டம் வரும் என்னும் அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் பதனிடும் தொட்டியிலும் செருப்பாலைத் தையற்பொறியிலும் நாளெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி, இல்லம் சேருமுன் கடையிற் கரைவதைக் கண்ட மக்களிடம் இன்னொரு குடிவகையை நீட்டுதல் தகுமா? கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். தேறல் என்னும் சொல்லைப் போற்றுதல் வேறு. தேறலை மாந்துதல் வேறு. முன்னது அறிவு, பின்னது இழப்பு.

ஆகவே நாவற்கனி காடியாகட்டும் என்பதே இப்பொழிவு வலியுறுத்தும் வழி. இது வெறும் அறவுரையன்று. கனியின் இயல்பும் இதற்கே துணைநிற்கிறது. தேறலுக்குரிய கொடிமுந்திரிச் சாற்றில் இனிப்பு 20 விழுக்காட்டிற்கு மேலும் இருக்கும். நாவற்சாற்றில் அது பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காட்டளவே. அதிலிருந்து நிலைத்து நிற்கும் தேறலாக்க வெல்லம் சேர்த்தாக வேண்டும். காடிக்கோ அந்த மென்மையே ஏற்றது. வெறியம் மிகுந்தால் காடி நுண்ணுயிர் தளர்ந்துவிடும்.

செய்வதற்குப் பெருங்கருவி வேண்டா. நன்கு பழுத்த, அழுகாத கனியைக் கழுவி, கொட்டை உடையாமற் கையாற் பிசைந்து, வாயகன்ற மண்சாடியிலோ பீங்கான் சாடியிலோ இடுக. செம்பும் பித்தளையும் கூடா. புளிப்பு அவற்றை அரித்துச் சாற்றை நஞ்சாக்கும். வாயைத் தூய துணியாற் கட்டி, நாள்தோறும் ஒருமுறை கிளறுக. ஒரு கிழமையளவில் நுரை அடங்கியபின் பிழிந்து அரித்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் முன்பே செய்த காடியிற் சிறிது ஊற்றி, மீண்டும் துணிகட்டி நிழலில் வைக்க. சாடியை முழுதும் நிரப்பற்க; காற்றுக்கு இடம் வேண்டும். ஓரிரு திங்களில் மூக்கைத் துளைக்கும் புளிமணம் எழும். அதன்பின் வடித்துக் குடுவையில் அடைத்தால் நெடுநாள் கெடாது. பூசணம் பூத்ததையும் நாற்றம் எடுத்ததையும் தயங்காமற் கொட்டிவிடுக. விற்க நினைப்போர் உணவுத்துறையின் உரிமம் பெறுதல் வேண்டும்.

காடிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தோல் நிலத்து ஊர்களில் இசுலாமியத் தமிழரும் உருது பேசுவோரும் பெருந்தொகையினர். தேறலை அவர் தீண்டார். காடியையோ நபிகள் நாயகம் நல்ல தொடுகறி என்று புகழ்ந்ததாக அவர்தம் மரபு கூறும். நாவற்காடி யூனானி மருத்துவத்திலும் இடம்பெற்றுள்ளது. சமயம் எதுவாயினும் ஒரே பந்தியில் வைக்கத்தக்கது காடி.

இவ்வளவும் நிலமும் நீரும் இருந்தாற்றான். 1970களில் நடுவணரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலை ஊக்கியபின், ஆவிரைப் பட்டையை ஒதுக்கிக் குரோமிய முறை பெருகிற்று. அயற்செலாவணி தில்லிக்குச் சென்றது. கழிவு பாலாற்றில் நின்றது. 1996 ஆகத்து 28இல் உச்ச நயன்மன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தபோது, ஒரு கிலோ தோலை முடிக்க ஏறத்தாழ 35 இலிட்டர் நீர் செலவாவதையும், தோல் நிலத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றுமோ பயிர்க்கு உதவாமற் போனதையும் எடுத்துரைத்தது. மாசு செய்தோரே ஈடு செய்க என்றது. 2025 சனவரியிலும் அம்மன்றம் பாலாற்று மாசு குறித்து இழப்பீட்டிற்கும் கண்காணிப்புக் குழுவிற்கும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்! கிணறு உவர்த்தபின் கொல்லை ஏது? கொல்லை போனபின் கனி ஏது? கனி போனபின் பிழி, அரியல், தேறல், காடி என்னும் சொற்கள் அகரமுதலியில் மட்டுமே உறங்கும்.

சொல்லைக் காத்தல் என்பது ஏட்டிற் காத்தலோடு முடியாது. ஒரு சொல் வாழ்வதற்கு அதற்குரிய பொருள் வாழவேண்டும். பொருள் வாழ்வதற்கு மண் வாழவேண்டும். பாலாற்று நீருக்காகக் குரல் எழுப்புவோரும் தமிழ்ச்சொற் காவலரே. நாவற்கன்று நடுவோரும் தமிழ்ச்சொற் காவலரே.

தமிழன்பர்களே! வரும் மழைக்காலத்தில் இல்லத்திற்கு ஒரு நாவற்கன்று நடுக. ஏற்கெனவே மரமுடையோர் அடுத்த ஆடியில் ஒரு சாடி காடி இடுக. குடுவையின்மேல் 'நாவற்காடி' எனத் தமிழில் எழுதி அண்டை இல்லத்திற்கும் ஒன்று கொடுக்க. கேட்போர்க்கு இச்செய்முறையைத் தமிழ்ச் சொற்களாலேயே விளக்குக.

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்நிலம்!