பழைய வண்டியும் பாறை வழியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பட்டறைக் குழுவினர் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசுவது மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் எங்கள் குழுவை அழைத்து, "நீங்கள் செப்பம் செய்த மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்துவிட்டனர். தமிழ்ச் சங்கத்தில் இப்பொருளுக்கு இடமுண்டோ என ஐயுறுவோர் சிலர் இருக்கலாம். நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோலார் தங்கவயலுக்கு வந்தது, இரும்பும் பாறையும் கொண்டு பிழைக்கவே. ஆகவே அவ்விரண்டையும் பற்றிய பேச்சு இங்கு அயற்பேச்சு ஆகாது எனத் துணிந்து தொடங்குகிறோம். இவ்வுரையை மூவர் எழுதினோம், ஒருவர் படிக்கிறார். பிழை காணின் மூவரையும் கடிந்துகொள்க.

மோட்டார் சைக்கிள் போட்டி என்றால் விரைவுப் போட்டி என்றே பலரும் எண்ணுவர். 'டிரையல்ஸ்' எனப்படும் போட்டி அத்தகையதன்று. பாறையும் சேறும் ஓடையும் வேர்முண்டும் நிறைந்த சிறு வழித்துண்டு ஒன்றை எல்லை குறித்து வைப்பர். அதனைக் கால் ஊன்றாமல் கடக்கவேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இருமுறையாயின் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. வண்டி கவிழ்ந்தாலோ எல்லை தாண்டினாலோ 5. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். இதனைக் கேட்ட பள்ளிச் சிறுவன் ஒருவன், "எங்கள் கணக்குத் தேர்விலும் இந்த முறை வராதா, ஐயா?" என்று வினவினான். அவன் கவலை அவனுக்கு!

ஸ்காட்லாந்து மலைநாட்டில் 1909-இல் தோன்றிய ஆறுநாள் போட்டியே இத்துறையில் தலைசிறந்ததாகப் போற்றப்படுகிறது. 1961-இல் கார்டன் ஜாக்சன் என்பார் ஏ.ஜே.எஸ். வண்டியில் ஆறு நாளும் சென்று, ஒரே ஒரு புள்ளி மட்டும் இழந்து வென்றார். ஆறு நாளில் ஒரே ஒருமுறை கால் தரையில் பட்டது என்பது பொருள்.

இவ்வாட்டத்திற்கும் நமக்கும் உறவில்லை என்று எண்ணிவிட வேண்டா. நம் சாலைகளில் முழங்கிச் செல்லும் புல்லட் வண்டியின் பிறப்பை நோக்குக. பின்சக்கரம் வில்லின்மேல் ஏறி இறங்கும் புதிய சட்டத்தோடு அவ்வண்டி முதன்முதல் மக்கள் கண்ணிற் பட்டது 1948-இல், இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரையல்ஸ் போட்டியிலேதான். அதே வண்டியில் ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் அவ்வண்டி உருவாகலாயிற்று. போலீஸ்காரரையும் படைவீரரையும் சுமந்த புல்லட்டின் குலமூலம் இங்ஙனம் சேற்றிலும் பாறையிலும் இருக்கிறது.

எனினும் எங்கள் கைக்கு வந்தது புல்லட் அன்று. அதனினும் மிகச் சிறிய பி.எஸ்.ஏ. பான்டம். 123 கன சென்டிமீட்டர், 52 மில்லிமீட்டர் குறுக்களவும் 58 மில்லிமீட்டர் ஓட்டமும் உடைய ஒற்றைச் சிலிண்டர், மூன்றே கியர். இதன் வரலாறு விந்தையானது. ஜெர்மானியரின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 என்னும் வண்டியின் வரைபடங்கள், போருக்குப்பின் வென்ற நாடுகளுக்கு இழப்பீடாகச் சென்றன. இங்கிலாந்தில் அது 1948-இல் பான்டம் ஆயிற்று. அமெரிக்காவில் ஹார்லி நிறுவனத்தின் சிறு வண்டியாயிற்று. உருசியாவில் மாஸ்க்வா ஆயிற்று. ஜப்பானில் 1955-இல் யமாஹா நிறுவனத்தார் செய்த முதல் வண்டியும் அதன் வழி வந்ததே. தோற்றவனின் வரைபடம் வென்றவர் வீட்டிலெல்லாம் பிள்ளை பெற்றது! இங்கிலாந்தில் தந்திச் சேவகர்கள் ஏறிச் சென்றதும் பான்டத்தில்தான். 1971 வரை அது செய்யப்பட்டது.

சிறு வண்டி பாறை ஏறுமோ என்பார்க்கு ஒரு சொல். 1959-இல் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்ற ராய் பெப்லோ ஏறிச் சென்றது 199 கன சென்டிமீட்டர் டிரையம்ஃப். 1965-இல் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டுப் புல்டாகோ வண்டியில் வென்றபின், பெரிய கனத்த வண்டிகளின் காலம் முடிந்தே போயிற்று. அதனாற்றான் இன்று பழைய வண்டிப் பிரியர்கள் '1965-க்கு முற்பட்டவை' எனத் தனி வகுப்பு வைத்து ஆடுகின்றனர். ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் ஊரில் 1984 முதல் இதற்கெனத் தனிப் போட்டியும் நடந்து வருகிறது.

இனி எங்கள் வண்டி. சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் இல்லத்தில் மின்பணி பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடையது அது. தாயகம் திரும்பிய ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்து அவர் அதனை வாங்கினார். சாம்பியன் ரீஃப் சாலையில் அவ்வண்டியின் ஒலி கேட்டு மணி சொன்னவர்கள் இவ்வவையிலும் உள்ளனர். 28-2-2001 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வண்டியும் கொட்டகையில் சாக்கின் கீழ்ப் படுத்துவிட்டது. பெரியவர் மறைந்தார். பெங்களூரிலிருந்து வந்த வணிகர் ஒருவர் அதனைக் கேட்டார். மினுக்கி வரவேற்பறையில் நிறுத்துபவர்க்கு விற்பாராம். பெரியவரின் மனைவியார் விலையைக் கேட்கவில்லை. "ஓடுமா?" என்று மட்டும் கேட்டார். "ஓட்டுவதற்கில்லை, அம்மா, பார்ப்பதற்கு" என்றார் வணிகர். அவ்வளவில் அப்பேச்சு முடிந்தது.

அம்மையாரின் பேரன் மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களுள் ஒருவன். அவனுக்கு ஞாயிறு ஒன்றே பகல். அவன்தான் எங்களை நாடி வந்து, இவ்வண்டியை டிரையல்ஸ் ஆட்டத்திற்கேற்பச் செய்ய வேண்டும் என்றான். சட்டத்தின் பின்பகுதியை அறுத்துப் புதிய வில் பொருத்தவேண்டும் என்றும் சொன்னான். எங்களுள் மூத்தவர், சுரங்கப் பட்டறையில் டர்னராக இருந்தவர், ஒப்பவில்லை. இருவரும் மூன்று ஞாயிறு வாதிட்டனர். முடிவில் பாட்டியாரிடமே வழக்குச் சென்றது. "அவர் ஏறிப் போன சட்டத்தை மட்டும் அறுக்காதீங்க. மத்தது உங்க இஷ்டம்" என்று தீர்ப்புச் சொன்னார். அன்று முதல், மரையால் கழற்றக்கூடியதன்றி வேறெதுவும் செய்வதில்லை என்பது விதியாயிற்று. கழற்றிய பழைய உறுப்புகள் அனைத்தும் ஒரு டிரங்குப் பெட்டியில் பெயர் எழுதி வைக்கப்பட்டுள்ளன.

எஞ்சினைத் திறந்தோம். இருவீச்சு எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு இல்லை. பெட்ரோலில் கலந்த எண்ணெயே உயவு. காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து அழுத்தப்பட்டே மேலே செல்கின்றன. ஆதலின் கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் காய்ந்து வெடித்தால், வெளிக்காற்று உள்ளே கசிந்து கலவை மெலியும்; மெலிந்தால் சூடேறும்; சூடேறினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பாறை நடுவே அவ்வாறு கவ்வினால் ஓட்டுபவன் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பான். பழைய சீல் இரண்டும் விரல் பட்டதும் மண்போல் உதிர்ந்தன. புதியன இங்கிலாந்திலிருந்து அஞ்சலில் வந்தன. இவ்வண்டிக்கு உதிரி உறுப்புகள் இன்றும் அங்கே செய்யப்படுவது எங்கள் நற்பேறு.

கனெக்டிங் ராடின் கீழ்ப் பேரிங் ஆடியது. அதனை மாற்ற, அழுத்திப் பொருத்திய கிராங்கைப் பிரிக்கவேண்டும். மீண்டும் அழுத்தி, இருபுற அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்கச் செய்யவேண்டும். இது புத்தகம் பார்த்துச் செய்யும் வேலை அன்று. கிராங்கை லேத்தில் இரு முனைகளுக்கிடையே தாங்கி, அளவுமானி முள்ளைப் பார்த்து, செம்புச் சுத்தியலால் ஓரிடத்தில் ஒரு தட்டு. மீண்டும் சுழற்றிப் பார்த்து மறுதட்டு. அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, நம் பட்டறை வழக்கில் 'இரண்டு தௌ', அதற்குமேல் ஆட்டம் இருத்தலாகாது. டர்னர் பெரியவர்க்கு இப்போது கண் மங்கிவிட்டது. முள் எங்கே நிற்கிறது என்று பேரன் சொல்ல, எங்கே தட்டுவது என்று அவர் சொன்னார். முதலில் தட்டியது அவர் கை. நான்காம் ஞாயிறு தட்டியது பேரனின் கை. "மெதுவா, தம்பி. இரும்புக்கும் காது உண்டு" என்பார். முள் ஒன்றரைத் தௌவில் நின்றபோது எங்களுள் எவரும் சற்று நேரம் பேசவில்லை. இக்கிராங்க் வேலையைச் செய்யத்தக்க கைகள் நம் காலனியில் இனி எத்தனை உள்ளன என்று எண்ணிப் பார்த்தோம். ஒரு கை விரல்களே மிகுதியாயின.

சிலிண்டரை ராபர்ட்சன்பேட்டையில் போரிங் செய்வித்து மிகையளவுப் பிஸ்டன் இட்டோம். எண்ணெய்க் கலவை 25-க்கு 1. லிட்டருக்கு 40 மில்லி.

அடுத்தது பல்சக்கரம். சாலை வண்டியின் பின்பல்சக்கரத்தில் 47 பற்கள். பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் தாமே செய்த போட்டி வண்டியில் 58. இதனால் முதற் கியரில் எஞ்சின் 22 சுற்றுச் சுற்றினால் ஒருமுறை சுழன்ற சக்கரம், இனி 27 சுற்றுக்கு ஒருமுறை சுழலும். நடைபோடும் வேகத்திலும் எஞ்சின் திணறாது. 58 பல் சக்கரத்தைப் பெரியவர் சொல்ல, இளையவர் இருவர் வெட்டினர். மேக்னெட்டோச் சக்கரத்தின்மேல் ஒரு பித்தளை வளையமும் கடைந்து பூட்டினோம். கனத்த சக்கரம் தன் சுழற்சியை எளிதில் விடாது. பாறை விளிம்பில் எஞ்சின் அணைய இருக்கும் நொடியில் இவ்வளையமே அதனை இழுத்துச் செல்கிறது. ஏற்றச் சால் இறைத்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

மற்றவை விரைந்து முடிந்தன. கால்மிதியைப் பின்னுக்கும் மேலுக்கும் நகர்த்தினோம், நின்றபடியே ஓட்டவேண்டுமாதலின். சைலன்சர் மேலே ஏறியது. எஞ்சின் அடியில் கனத்த அலுமினியத் தகடு. டயர் காற்று, சாலைக்கு உரியதில் நான்கில் ஒரு பங்குதான். டயர் வளையத்தில் வழுக்காதிருக்க உள்ளே ஒரு பிடிப்பு மரை. பின்புறம் வில் இல்லாத பழைய சட்டம் ஆதலால் ஓட்டுபவன் முழங்காலே வில்.

எங்கே ஓட்டுவது? சைனைடு மேடுகளில் ஓட்டலாம் என்று இளைஞர் சிலர் கூறினர். அங்கே வண்டி விளையாடுவோர் உண்டு. நாங்கள் மறுத்தோம். ஆலையில் அரைத்துக் கொட்டிய அம்மேட்டுத் தூள் மாவினும் நுண்ணியது. காற்றுக் காலத்தில் அது நம் சோற்றுத் தட்டில் வந்து விழுவதைத் தாய்மார்கள் அறிவர். பாறைத்தூள் நெஞ்சில் தங்கினால் என்ன ஆகும் என்பதை இக்காலனியில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டுவதில்லை. இவ்வுரையை எழுதிய மூவருள் இருவரின் தந்தையர் இருமி இருமியே மறைந்தனர்.

ஆகவே பூதிகோட்டைக்குச் சென்றோம். ஐதர் அலி பிறந்த ஊர். பூதி என்பது திருநீறு. அப்பெயருக்கு ஏற்ப நீறு நிறத்துக் குண்டுப் பாறைகள் எங்கும் கிடக்கின்றன. கோட்டைச் சுவர்ப் பக்கம் நாங்கள் வண்டியைக் கொண்டு செல்லவில்லை, பழங்கல் பாதுகாக்கத்தக்கது. கேழ்வரகு அறுவடை முடிந்த தரிசு ஒன்றும் அதனையடுத்த வறண்ட ஓடையும் கிடைத்தன. நிலக்காரரிடம் கன்னடத்தில் ஒப்புதல் கேட்டோம். அவர் தெலுங்கில் ஒப்பினார். உள்ளே தமிழில் வைது கொண்டாரோ, அறியோம். சுண்ணாம்புக் கோட்டால் ஆறு வழித்துண்டுகள் வகுத்தோம்.

ஓட்டியவர் மூவர். புள்ளி எழுதியவள் பேரனின் தங்கை. உடன்பிறந்தான் என்று இரக்கம் காட்டினாளில்லை. நான்காம் துண்டில் அவன் பாதம் பாறையை உரசிற்று, "படவில்லை" என்றான் அவன், "பட்டது, அண்ணா, சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது பார்" என்று செருப்படியைக் காட்டச் சொன்னாள். ஆறு துண்டிலும் சேர்த்து அவன் இழந்தது 14. பாட்டியார் புங்கமரத்து நிழலில் அமர்ந்திருந்தார். வண்டி ஓடை ஏறியபோது அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடி ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் குரல் கட்டியிருக்கு" என்றார். சைலன்சரை உயர்த்தியதால் ஒலி மாறியது உண்மையே. இனி அதனை உள்ளே சற்று அடைத்துப் பார்க்கவிருக்கிறோம்.

மற்றொரு குறையும் உண்டு. இரண்டாம் கியர் சரிவில் தானே விடுபடுகிறது. கியரைத் தள்ளும் கவை தேய்ந்துள்ளது. அதனை நிரப்பி அரைக்கும் வேலை பேரனிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவன் ரயிலில் அமர்ந்தே அதற்கு அளவு வரைந்து வருகிறான்.

விழா கழிந்த மூன்றாம் ஞாயிறு காலை 7 மணிக்குப் பூதிகோட்டையில் மீண்டும் ஓட்டவிருக்கிறோம். புள்ளி எழுத இன்னும் இருவர் தேவை. மகளிர் முன்வரின் மகிழ்வோம். நிழல் குறைவு, குடையும் குடிநீரும் கொண்டு வருக. பெயரைச் செயலாளரிடம் இன்றே கொடுக்க வேண்டுகிறோம்.