ஊர்ப்பெயரும் கொடிப்பெயரும்



இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், வல்தொபியாதெனே என்றொரு சிற்றூர் உண்டு. அதன் செங்குத்தான சரிவுகளில் இன்றும் கையால்தான் திராட்சை கொய்கிறார்கள். சாறு ஒருமுறை நொதித்தபின், மூடிய கலத்தில் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மறுமுறை நொதிக்க விடுவர். வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைந்து தங்கும் வளியே அதன் நுரை. புரோசெக்கோ என்பது அம்மதுவின் பெயர். 2019இல் அக்குன்றுகளை யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்றது.

தமிழ் மேடையில் மதுவைப் பற்றிய பேச்சா என்பீர்கள். நறவு, தேறல், மட்டு எனப் பெயரிட்டு மகிழ்ந்த சங்கப் புலவர்கள் அவ்வாறு கேட்டிருக்கமாட்டார்கள். நம் அக்கறையும் பெயரின்மீதே.

புரோசெக்கோ, திரியெஸ்தே நகரையடுத்த வேறொரு சிற்றூர். ஊரின் பெயர் கொடிக்கு ஆகி, கொடியின் பெயர் மதுவுக்கு ஆயிற்று. ஆகுபெயர் என நாம் வகுப்பில் கற்பிப்பது இதனைத்தான். 2009இல் இத்தாலி அந்த ஆகுபெயரைச் சட்டத்தால் கலைத்தது: கொடிக்குக் கிளேரா என்று பெயர், புரோசெக்கோ இனி இடத்துக்கே உரியது. அக்கொடியை முன்னரே அப்பெயரால் நட்டிருந்த ஆஸ்திரேலியர் ஒப்பவில்லை. வழக்கு நம் சிங்கப்பூருக்கும் வந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் ஆஸ்திரேலியர் பக்கம் நின்றது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தாலியர் பக்கம் தீர்த்தது. கொடிப்பெயராயினும், விளைவிடம் பற்றி வாங்குவோரை அது மயக்கும் என மெய்ப்பிக்கப்படவில்லை என்றது.

மொழியியலாளராக நாம் ஆஸ்திரேலியர் பக்கமே சாய்கிறோம். வழக்கில் கலந்த சொல்லை ஆணை திருப்பியழைப்பதில்லை. சீனி என்கையில் சீனத்தை யார் நினைக்கிறார்? தேக்கா என்கையில் ஹொக்கியன் மொழியின் மூங்கிலடியை யார் நினைக்கிறார்? ஆயினும், சரிவில் கூடை சுமப்பவருக்கு அப்பெயரன்றி வேறு காப்பில்லை என்பதையும் மறுக்க இயலவில்லை. நாற்பதாண்டு கற்பித்த ஆகுபெயரில் இழப்பவர் ஒருவரும் உண்டென்பது நமக்குப் பிந்தியே புலப்பட்டது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிட்டியது. அங்கும் மலையடிவாரமே. ஆனால் கடையில் நாம் கேட்பது பன்னீர் திராட்சை மட்டுமே. கம்பம் நாவில் வருவதில்லை. அக்கொடிக்கு உலகம் வழங்கும் பெயரோ மஸ்கட் ஹாம்பர்க்; அதிலும் ஓர் ஊர் இருக்கிறது, ஜெர்மனியில்.