வீட்டுக்கு முன் தாளைக் கேட்போம்!

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மும்பையில் நம்மவர் எங்கெங்கே வாழ்கிறார்கள் என்று கேட்டால், தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப்ஹில், மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூர் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும், இட்லிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்தவர்களும், மில்லிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களும் குடியேறிய பேட்டைகள் இவை. தாராவி அன்று சதுப்பு நிலம். நம் பாட்டன்மார் மண்ணடித்து மேடாக்கினார்கள். இன்று அதே இடம் நகரத்தின் நடுவில் இருக்கிறது. பாந்த்ரா-குர்லா அலுவலக வளாகம் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. ஆகவே நம் தெருவில் ஒரு சிறு வீட்டின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

"விரார் பக்கம் போனால் மலிவாகக் கிடைக்குமே, இங்கேயே ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மாவு கரைக்கும் தாய் விராரிலிருந்து எந்த வண்டியைப் பிடித்து வருவாள்? பிழைப்பு இருக்கும் இடத்தில்தான் ஏழை குடியிருக்க முடியும்.

இதை உச்ச நீதிமன்றமே 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் ஒப்புக்கொண்டது. அந்த வழக்கில் மனுப் போட்டவர்களில் ஒருவர் சேலத்துக்காரர்; நிலமற்ற கூலி; பஞ்சத்தில் 1961-இல் பம்பாய்க்கு வந்தவர். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்காக ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான். 1981-இல் மாநகராட்சி குடிசையை இடித்தது. குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, வேலை தேடி அவர் மீண்டும் இதே நடைபாதைக்கு வந்தார். பிழைக்கும் உரிமை வாழும் உரிமையில் அடக்கம் என்றது தீர்ப்பு. ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது தரவில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றே சொன்னது.

தோழர்களே, அந்த 2,500 ரூபாயை நினைத்துப் பாருங்கள். விற்க உரிமை இல்லாதவன் கையில் கொடுத்த பணம் அது. இன்று அதே கதை லட்சக் கணக்கில் நடக்கிறது.

முதலாவது, குடிசை மாற்றுக் கட்டடங்களில் கைமாறும் வீடுகள். 1995-இல் தொடங்கிய எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் முதலில் 225 சதுர அடி, பிறகு 269, அதன் பின் 300 என்று வீடு தரப்பட்டது. சட்டம் குறித்த காலம் முடியுமுன் அதை விற்க முடியாது. "பவர் எழுதித் தருகிறேன், சாவியை வாங்கிக்கொள்" என்பார்கள். பவர் பத்திரத்தால் மட்டும் சொத்துரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. சீட்டுப் பணமும் தாலிச் சங்கிலியும் போன பிறகு அதிகாரி கதவைத் தட்டினால், பவர் எழுதிக் கொடுத்தவர் ஊரில் இருக்கமாட்டார்.

இரண்டாவது, புதிய கட்டடங்கள். 2016-இல் வந்த ரெரா சட்டம் நம் கைக்கு ஓர் ஆயுதம். பில்டரிடம் முதலில் மகாரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். பத்திரம் பதியாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. படிக்கட்டையும் வராந்தாவையும் கூட்டிச் சொல்லும் கணக்கை ஏற்காதீர்கள். சுவருக்குள் நாம் புழங்கும் கார்பெட் அளவுக்குத்தான் விலை பேச வேண்டும். குறித்த நாளில் வீடு தராவிட்டால், விலகிக்கொண்டு பணத்தை வட்டியுடன் திரும்பக் கேட்கலாம்.

மூன்றாவது, மாடா வீடுகள். அவை பெரும்பாலும் குலுக்கலில் கிடைக்கும். மாடாவுக்கு ஏஜெண்டு கிடையாது. "உள்ளே ஆள் இருக்கிறது" என்பவன் நம் மொழி பேசினாலும் நம்பாதீர்கள். மனுப் போட டொமிசைல் சான்று வேண்டும். அதற்கு இந்த மாநிலத்தில் 15 ஆண்டுகள் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில் எதையும் எடைக்குப் போடாதீர்கள். நாற்பது வருடம் இங்கே உழைத்தும், கார்டை ஊரிலேயே வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்!

தாய்மார்களுக்கு ஒன்று. பெண் பெயரில் மட்டும் வீட்டைப் பதிந்தால் முத்திரைக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் குறையும். 2021 முதல் இந்தச் சலுகை இருக்கிறது. பணம் மிச்சம் என்பது ஒரு புறம். குடித்துவிட்டு வீட்டை அடகு வைக்க ஒருவன் நினைத்தால், கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். அது பெரிய காவல்.

இவையெல்லாம் வாங்க வசதி உள்ளவருக்கு. வசதியில்லாதவர் கதி என்ன? 2000 சனவரி 1-க்கு முன் வந்தவனுக்கு இலவசம், 2011 வரை வந்தவனுக்கு விலை, அதற்குப் பின் வந்தவனுக்கு முறையான உரிமை இல்லை என்று ஒரே சந்தை மூன்றாகப் பிரிக்கிறது சட்டம். முன்னால் வந்த அண்ணனுக்கு வீடு, பின்னால் வந்த தம்பிக்குத் தெருவா? நகரம் இருவர் உழைப்பையும் வாங்கிக்கொள்கிறதே! உழைக்கும் இடத்துக்கு அருகில், கூலிக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் அரசு வீடு கட்டித் தரவேண்டும். இது நம் கோரிக்கை. மராத்தித் தோழர்களும் உத்தரப் பிரதேசத் தோழர்களும் இதே சந்தில் இதே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து இதைக் கேட்போம்.

அதுவரை ஒரு கட்டுப்பாடு வேண்டும். யாரும் தனியாகப் போய் முன்பணம் கொடுக்க வேண்டாம். பத்திரத்தின் நகலைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் படித்துச் சொல்ல நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். வழக்கறிஞரிடம் காட்டுவோம். நாலு பேர் கண் பட்ட பிறகு கையெழுத்துப் போடுவோம். சதுப்பை மேடாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இந்த மண்ணில் நம் பெயர் தாளிலும் ஏற வேண்டும்.